காத்திருந்த கை

குன்னத்தூர்ச் சுவடி வெறும் ஏமாற்று வேலை என்று நான்கு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். தொலைக்காட்சியில் நரைத்த தலையும் வெடுக்கென்ற பேச்சுமாக வந்து, "அதில் ஒரு மண்ணும் இல்லை" என்று சொன்ன ஷர்மிளா நான்தான். என்னைத் திட்டாத தமிழ் ஆர்வலர் பாக்கியில்லை. அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர்கள் நினைத்த காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு.

சுவடியைப் பற்றித் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் அறுபத்தோரு ஓலைகள். குன்னத்தூரில் ஒரு பழைய நெல் கிடங்கை இடித்தபோது, காரை பூசி மூடியிருந்த சுவர் மாடத்துக்குள் கிடைத்தன. ஓலையின் வயது எழுநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பூச்சி அரிக்காமல் தப்பியதே பெரிய விஷயம். அதில் இருப்பது தமிழ் எழுத்து இல்லை, கிரந்தம் இல்லை, வட்டெழுத்து இல்லை, உலகத்தில் வேறெங்கும் யாரும் பார்த்த எழுத்தும் இல்லை. நாற்பத்து மூன்று குறிகள் மாற்றி மாற்றி வருகின்றன. அழிந்துபோன ஒரு மொழி என்றார்கள் ஒரு கட்சியினர். எவனோ ஒரு கெட்டிக்காரன் சித்தர் ரகசியம் என்று சொல்லி ஊர்த் தலைவர் தலையில் கட்டக் கிறுக்கியது என்றோம் மறுகட்சியினர். நடுவில் கும்பகோணத்துக்காரர் ஒருவர் அதை முழுக்கப் படித்தே விட்டார். சர்க்கரை நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறதாம்.

இந்தச் சண்டையில் நான் நுழைந்தது கைமானியால். திருச்சியில் எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்த கருவி அது. சுவடி விவகாரத்தை விசாரிக்க அரசு அமைத்த குழுவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். முதல் நாளே அவர் என்னிடம், "மேடம், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. உங்க மெஷின் என்னதான் செய்யுது?" என்று கேட்டார்.

"எழுதுறவங்க நடுநடுவுல கையை எடுப்பாங்க சார். எங்க எடுக்கிறாங்கங்கிறதுதான் விஷயம். மனசுல சொல்ல ஏதாவது இருக்கிறவங்க ஒரு எண்ணம் முடியற இடத்துல எடுப்பாங்க. பார்த்து எழுதுறவங்க மூலத்தைத் திரும்பிப் பார்க்கிறதுக்காக எடுப்பாங்க. சொல்ல ஒண்ணுமே இல்லாதவங்க, அடுத்து என்னத்தைக் கிறுக்கலாம்னு எங்க வேணும்னாலும் எடுப்பாங்க."

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் எங்க கையை எடுத்தான்னு இப்ப எப்படித் தெரியும்?"

"மறுபடி வைக்கிற இடத்துல எழுத்தாணி ஒரு மயிரிழை ஆழமா இறங்கும். எவ்வளவு நேரம் கழிச்சு வச்சாங்கன்னு கூட அந்தப் பள்ளத்துல தெரியும். நமக்குத் தெரியாது, கைமானிக்குத் தெரியும். சொல்லும் கை, பார்த்தெழுதும் கை, வெறும் கை. மூணுல ஒண்ணைச் சொல்லும்."

"குன்னத்தூர்ச் சுவடி?"

"வெறும் கை சார்."

கூடத்தில் ஒரே கூச்சல். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தச் சுவடி பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அது அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது.

என் கணவன் பிரசன்னாவும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும். பொன்மலையில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. வாய் ஓயாதவன். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் இரவு விளக்கை அணைத்த பிறகும் பேசுவான். "ரெண்டு நிமிஷம் வாயை மூடேன்" என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

நாற்பத்தெட்டாவது வயதில் அவன் மூளையில் ரத்தக் குழாய் அடைத்தது. கால் தப்பியது. வலது கையும் பேச்சும் படிப்பும் போயின. வாயைத் திறந்தால் ஒரு ஓசை வரும், அது எந்தச் சொல்லும் இல்லை. தமிழ் எழுத்தைக் காட்டினால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஐந்தாவது மாதம் சைகையில் பேனா கேட்டான். இடது கையால் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தான். வளையம், கொக்கி, சிலுவை, புள்ளி வைத்த அரைவட்டம். முதல் நாள் ஒரு வரி. ஒரு வாரத்தில் தினமும் மூன்று பக்கம்.

சாப்பிடும்போது நோட்டை என் பக்கம் தள்ளுவான். நான் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பேன். இல்லை என்று தலையை ஆட்டி மறுபடி தள்ளுவான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவேன். இப்படி ஒரு வருடம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அப்போதுதான் கைமானி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பேனாக் கோட்டையும் அது படிக்கும், தாளில் அழுத்தம் தெரியும். இருபது நிமிடத்தில் முடிவு வந்தது. வெறும் கை.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. நிம்மதியாக இருந்தது. அவன் ஏதோ சொல்கிறான், எனக்குத்தான் புரியவில்லை என்று ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவன் எதுவும் சொல்லவில்லை. கை தானாக அசைகிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அந்த முடிவைக் கேட்டார்கள், கொடுத்தேன். இனிப் பேச்சுப் பயிற்சியால் பயன் இல்லை என்று ஒரு சான்றிதழ் தயாரானது. கருவியைச் செய்தவள் என்ற முறையில் ஒரு கையெழுத்து, மனைவி என்ற முறையில் ஒரு கையெழுத்து, இரண்டையும் நானே போட்டேன்.

முக்கொம்பு போகும் வழியில் ஒரு இல்லத்தில் அவனைச் சேர்த்தேன். முதலில் வாராவாரம் போனேன். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பொங்கல், தீபாவளி. பார்வையாளர் அறையில் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவன் ஜன்னலைப் பார்ப்பான், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். சேர்த்த இரண்டாவது வருடம் இல்லத்திலிருந்து போன் செய்து, "சார் எழுதின நோட்டெல்லாம் அட்டைப்பெட்டி நிறையக் கெடக்கு, எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "வேணாம், போட்டுருங்க" என்றேன்.

அந்தச் சான்றிதழ் என்னோடு நிற்கவில்லை. பக்கவாதம் வந்து கிறுக்குகிறவர்கள் எல்லாரையும் கைமானி பார்க்கட்டும் என்று ஆஸ்பத்திரிகள் கேட்டன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வெறும் கை என்று எழுதிக் கொடுத்தோம். அந்த வீடுகளிலும் யாரோ ஒருவருக்கு என்னைப்போல நிம்மதி கிடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இரவில் வீட்டில் சத்தம் வேண்டுமே என்று தொலைக்காட்சியை ஓடவிட்டுத் தூங்கப் பழகிக்கொண்டேன்.

சுவடி வந்தபோது அதன் வரைபடத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை நின்று தொடங்கிய இடங்களைக் கைமானி ஒரு கோடாக வரைந்து காட்டும். சுவடியின் கோடும் பிரசன்னாவின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிசகாமல் பொருந்தின. ஆக, சுவடி பொய் என்றால் நான் செய்தது சரி. சுவடி மொழி என்றால் பிரசன்னா எழுதியதும் மொழி. இப்போது புரியும், நான் ஏன் அவ்வளவு காட்டமாகப் பேசினேன் என்று.

கடைசி விசாரணை வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பிலோமினா ஆய்வகத்துக்கு வந்தார். சுவடி நூலகத்தில் ஓலைகளைப் பராமரிப்பவர். சுவடி மொழிதான் என்று சொல்லும் கட்சி. விசாரணைகளில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பேசும்போதெல்லாம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அன்று கையில் சாப்பாட்டுப் பையோடு வந்து, "உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஓலையில இருக்கிற நகக்கீறலை எல்லாம் உங்க மெஷின் தள்ளிட்டுதானே படிக்குது?"

"தள்ளாம? உங்க நூலகம் குடுத்த குறிப்புலயே அப்படித்தானே இருக்கு."

ஓலையில் எழுதுகிறவர்கள் எழுத்தாணியை இழுத்துக்கொண்டு போவதில்லை. எழுத்தாணி நின்ற இடத்தில் நிற்கும், இடது கையில் பிடித்த ஓலைதான் நகரும். இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் சாய்த்துக்கொள்வார்கள். அதனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் நகம் உரசிய மெல்லிய கீறல்கள் இல்லாத ஓலையே கிடையாது. ஓலையோடு பழகியவர்கள் அதை ஒரு பொருட்டாகவே பார்ப்பதில்லை. எழுத்து தெரிய மை தடவும்போது அந்தக் கீறல்களில் ஒட்டியதை அழுத்தித் துடைத்துவிடுவார்கள். கைமானிக்கும் நான் அதையே கற்றுக்கொடுத்திருந்தேன். இந்த ஆழத்துக்குக் குறைந்தால் விட்டுவிடு.

"அந்தக் குறிப்பை எழுதினது நான்தான்" என்றார் பிலோமினா. "இருபது வருஷமா நானும் அப்படித்தான் துடைச்சுத் தள்ளியிருக்கேன். அதான் வந்தேன்."

ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"போன வாரம் பதினேழாவது ஓலைக்கு எண்ணெய் தடவி ஜன்னலோரம் காய வச்சிருந்தேன். வெயில் சரிவா விழுந்துச்சு. நகம் பட்ட கீறல் எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகும் மேடம், ஓலை நகர்ற பக்கம். இது எல்லாப் பக்கமும் போகுது. இந்த வளையத்தைப் பாருங்க. மேல் வரியில இருக்கிற அதே குறி."

பார்த்தேன். அதே குறிதான். "பின்னால யாராவது விளையாட்டா கீறியிருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம். அதைத்தான் உங்க மெஷினைக் கேக்கச் சொல்றேன். ஆழத்தோட அளவைக் கொஞ்சம் இறக்கி, முழுசா ஒருதடவை ஓட்டுங்க."

"நாளன்னிக்குக் கடைசி விசாரணை. இப்பப் போய் அளவை மாத்தறது முறை இல்ல."

"ஏன் மேடம் பயப்படுறீங்க? பொய்யா இருந்தா பொய்யின்னு வரப்போகுது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பயந்துதான் போயிருந்தேன். அதை இன்னொருத்தி வாயால் கேட்டதும் வீம்பு வந்துவிட்டது. அளவை இறக்கி, அறுபத்தோரு ஓலையின் படங்களையும் முதலிலிருந்து ஓட்டினேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. நடுவில் பிலோமினா எலுமிச்சை சாதத்தை ஒரு மூடியில் போட்டுக் கொடுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

முடிவு வந்தது. இரண்டு கைகள் என்றது கைமானி.

இரண்டாவது கையிடம் எழுத்தாணி இல்லை. முள்ளாலோ நகத்தாலோ கீறியிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு மேலோட்டம். முதல் மூன்று ஓலைகளில் அது இல்லவே இல்லை. நான்காவதில் வருகிறது. நான்கிலிருந்து ஒன்பதுவரை, பார்த்தெழுதும் கை. மேல் வரியில் இருக்கும் குறியை அப்படியே கீழே போட்டுப் பார்க்கிறது, பிழையாகப் போடுகிறது, மறுபடி போடுகிறது. பத்தாவது ஓலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இருபதாவது ஓலைக்கு மேல் ஐயமே இல்லை. சொல்லும் கை. கடைசி ஓலைவரை.

"யாரோ கத்துக்கிட்டிருக்காங்க" என்றார் பிலோமினா.

நான் இரண்டு கைகளையும் ஒரே காலக் கோட்டில் போட்டேன். முதல் கை காரணம் இல்லாமல் நின்றது என்று நான்கு வருடமாக நான் சொல்லிவந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டாவது கை எழுதியிருந்தது. அது எழுதி முடித்த பிறகுதான் முதல் கை தொடர்ந்திருக்கிறது. திரையில் முதல் கைக்கு நேராக இருந்த 'வெறும் கை' என்ற பெயர் போய், அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

"இதுக்கு ஏன் பேரே வரல?"

"எங்க பட்டியல்ல மூணுதான் இருக்கு. இது மூணுலயும் சேரல."

"காத்துக்கிட்டு இருந்திருக்காரு மேடம். எழுதிட்டு, ஓலையை அந்தப் பக்கம் குடுத்துட்டு, பதில் வருதான்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"முதல் மூணு ஓலையிலயும் அதே மாதிரி நின்னிருக்கு. அங்க பதில் எழுத யாரும் இல்ல."

"அங்கயும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

கைமானியைப் பழக்குவதற்காக நாலாயிரம் பேரை எழுத வைத்தோம். கவனம் சிதறக்கூடாது என்று ஆளுக்கொரு சின்ன அறை, கதவைச் சாத்தி. நினைத்ததை எழுது என்றோம், பார்த்து எழுது என்றோம், கிறுக்கு என்றோம். இன்னொருவருக்கு எழுது, அவர் பதில் எழுதும்வரை பொறு என்று ஒருவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எழுதுவது இன்னொரு மனிதனுக்காக என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் தனியாகவே வேலை செய்து பழகியவள், எனக்கு எப்படித் தோன்றும்?

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார் பிலோமினா.

நான் சொல்லிவிட்டேன். பிரசன்னாவை, நோட்டை, அந்த ஞாயிற்றுக்கிழமையை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, "அவன் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுதுவான். நடுவுல ஒரு வரி எப்பவும் காலியா இருக்கும். விரலால அந்தக் காலி வரியைத் தட்டித் தட்டிக் காட்டுவான். எடம் விட்டு அழகா எழுதியிருக்கேன்னு காட்டறான்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பொங்கலுக்கு."

அப்போது ஐப்பசி. பிலோமினா சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்தார். "வியாழக்கிழமை நீங்க வர வேண்டாம். அதை நான் பார்த்துக்கறேன். நீங்க போய் அவரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே நீதிபதிக்குக் கடிதம் எழுதினேன். கைமானி தவறு, முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழும் செல்லாது, முதல் சான்றிதழ் என் வீட்டுக்காரருடையது என்று மூன்றே வரி. கைமானிச் சோதனையை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதினேன். என் பதவி போகும் என்று தெரியும். அதைப் பற்றி நினைக்கக்கூட அன்று நேரம் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனேன். பார்வையாளர் நேரம் இல்லை என்பதால் வார்டன் முணுமுணுத்தார். "சார் சாப்பாட்டுக் கூடத்துலதான் இருப்பாரு, எப்பவும் அங்கதான்" என்று கை காட்டினார். எப்பவும் அங்கேதான் என்பது எனக்குப் புதுச் செய்தி.

போகிற வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். நோட்டை அவன் தள்ளுவான். நான் காலி வரியில் அவன் எழுதியதையே பார்த்து எழுதுவேன். பிழையாக எழுதுவேன், மறுபடி எழுதுவேன். எத்தனை வருடமானாலும் சரி. கைப்பையில் புதுப் பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணைப்போல் படபடப்பாகக்கூட இருந்தது.

கூடத்தின் கோடியில் ஜன்னலோர மேசையில் பிரசன்னா உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலையில் முக்காடு, பக்கத்தில் பிடித்து நடக்கிற வாக்கர். நடுவில் நோட்டு. பிரசன்னா இடது கையால் ஒரு வரி எழுதி, நோட்டைத் திருப்பினான். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பென்சிலால் அதன் கீழே ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். பிரசன்னா படித்துவிட்டுச் சிரித்தான். தோள் குலுங்க, சத்தம் போட்டு. ஏழு வருடத்துக்கு மேலாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

எந்தக் கருவியும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா வேணும்?"

"நான் இவரோட மனைவி."

"அல்லாவே! ஆறு வருஷமா ஒரே மேசையில சாப்புடுறோம், உங்களை இப்பத்தான் பார்க்கிறேன். எம் பேரு ஷாகிரா பானு." என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவராகவே பேச்சைத் தொடர்ந்தார். "எனக்கு மூணு புள்ளைங்க, மூணும் மூணு நாட்டுல. இங்க வந்த புதுசுல பேச ஆளில்ல. இவரு எதிர்ல உட்கார்ந்து நோட்டைத் தள்ளிக்கிட்டே இருப்பாரு. என்னதான்னு பார்ப்போமேன்னு, அவரு எழுதினதையே நானும் கீழ எழுதினேன். மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. அப்புறம் ஒரு நாளு சாம்பார்ல உப்பு இல்ல. ஒண்ணு எழுதிக் காட்டினாரு. உப்பு டப்பாவ எடுத்து வச்சேன். ஆமான்னு தலைய ஆட்டினாரு. அப்படியே ஒண்ணொண்ணா வந்துச்சு."

"இப்ப எல்லாமே புரியுமா?"

"புரியும். ஆனா வாயால சொல்லச் சொன்னா பாதிதான் வரும். எழுதினாத்தான் முழுசா வரும்." நோட்டைத் தட்டினார். "இப்பக்கூட வார்டனைத்தான் கிண்டல் பண்ணினாரு. பொல்லாத ஆளும்மா உங்க வீட்டுக்காரரு."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேட்கக்கூடாது என்று எவ்வளவோ நினைத்தும் கேட்டுவிட்டேன். "என்னைப் பத்தி ஏதாவது எழுதுவாரா?"

ஷாகிரா பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு குறி இருந்துச்சும்மா. நான் வந்த புதுசுல, எல்லாப் பக்கத்துலயும் வரும், வரிக்கு வரி வரும். அது மட்டும் எனக்குப் புரியல. உப்புன்னா உப்பைக் காட்டுவாரு, ஜன்னலுன்னா ஜன்னலைக் காட்டுவாரு. அதுக்குக் காட்ட இங்க ஒண்ணும் இல்ல. வாசப்பக்கம் கையைக் காட்டுவாரு. வாசல்ல போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஒரு வருஷத்துல கொறஞ்சுபோச்சு. அப்புறம் அவரே அதை எழுதுறத விட்டுட்டாரு."

"அது எப்படி இருக்கும்? எழுதிக் காட்டுங்களேன்."

பென்சிலை எடுத்தார். ஒரு வளைவு போட்டார், அடித்தார். இன்னொன்று போட்டார், அதையும் அடித்தார். "மறந்துபோச்சும்மா" என்றார். "அந்த நோட்டெல்லாம் இருந்தாப் பார்க்கலாம். அதையெல்லாம் அப்பவே எரிச்சுட்டாங்க."

பிரசன்னா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். முடி கொட்டியிருந்தது, கன்னம் சதை போட்டிருந்தது, கண் தெளிவாக இருந்தது. நான் குனிந்து, அவன் கண்ணுக்கு நேராக என் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினேன். நான். நான் யார்? எழுது.

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். அடையாளம் தெரிந்துதான் பார்த்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு பேனாவை எடுத்து நிதானமாக நான்கைந்து குறிகள் எழுதினான். நோட்டை என் பக்கம் தள்ளவில்லை. ஷாகிரா பக்கம் திருப்பினான்.

அவர் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்காரு?"

"ஒண்ணுமில்லம்மா."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"வெளியாளு வந்து ரொம்ப நேரமா நிக்கிறாங்க, ஒரு நாற்காலி எடுத்துப் போடுன்னு எழுதியிருக்காரு."

ஷாகிரா பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.